குழாய்த் தண்ணீர்ச் சத்தியம்

அழகேசனுக்கு நன்றாகப் பேச வரும். அதைத் தவிர வேறெதுவும் அவனுக்கு வராது என்பது அவன் மாமியாரின் தீர்ப்பு. ஆனால் அந்த ஒன்றை நம்பித்தான் சிங்கப்பூரில் ஒரு கம்பெனி அவனுக்கு வேலை கொடுத்து, அங்கே தங்குவதற்கான பாஸ் எடுத்துக் கொடுத்து, கழுத்தில் டையும் மாட்டிவிட்டிருந்தது. கம்பெனியின் பெயர் அமுதச்சுனை. விற்பது, வீட்டுக் குழாயில் மாட்டுகிற தண்ணீர் வடிகட்டி.

சிங்கப்பூரில் தண்ணீர் வடிகட்டி விற்பது லேசுப்பட்ட காரியமா? குழாயைத் திறந்தால் நேராக டம்ளரில் பிடித்துக் குடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகிற ஊர் இது. குளோரின் வாடை அடிக்கிறது என்று சொல்லிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. பழைய குழாயில் துரு இருக்கும் என்று சொல்லிப் பார்த்தார்கள், குழாயை மாற்றிக்கொள்கிறோம் என்று போய்விட்டார்கள். கம்பெனி கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரத்தில்தான் உலகச் செய்திகளில் ஃபாரெவர் கெமிக்கல் வந்து சேர்ந்தது. ஒட்டாத தோசைக்கல்லிலும் நனையாத மழைக்கோட்டிலும் பூசுகிற சரக்கு. மண்ணில் விழுந்தால் மக்காது, தண்ணீரில் கலந்தால் கரைந்து ஒழியாது, உடம்புக்குள் போனால் சீக்கிரத்தில் வெளியே வராது. எந்தெந்த நாட்டிலோ குடிதண்ணீரில் கண்டுபிடித்திருந்தார்கள். மற்றவர்கள் அதைப் படித்துக் கவலைப்பட்டார்கள். முதலாளி துரைசாமி படித்துவிட்டு இரண்டு கைகளையும் தேய்த்துக்கொண்டார்.

"கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, ருசியும் கிடையாது. இத விட நமக்கு என்னா வேணும் லா?" என்றார்.

அன்றிலிருந்து ஜாலான் புசாரில் ஒரு சின்ன ஹோட்டலின் மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூட்டம். லிட்டில் இந்தியாவுக்குக் காய்கறி வாங்க வருகிறவர்களைப் பிடித்து, இலவச டீயும் கறிபஃப்பும் என்று சொல்லி மேலே அனுப்பிவிடுவார்கள். மேலே அழகேசன் இருப்பான். இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றதில் அமுதச்சுனை. இரண்டிலும் கம்பியை இறக்கிக் கரண்ட் கொடுப்பான். குழாய்த் தண்ணீர் சாக்கடை நிறத்துக்கு மாறும், அமுதச்சுனை அப்படியே இருக்கும். கம்பியில் இருக்கும் இரும்புதான் கரைகிறது, அதற்கும் கெமிக்கலுக்கும் சம்பந்தமே இல்லை, அமுதச்சுனையில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டால் அதுவும் சாக்கடையாகும் என்பதெல்லாம் அழகேசனுக்குத் தெரியும். யாரும் உப்பு கொண்டு வருவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் சிவகாமசுந்தரி என்ற அம்மா வந்து உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். டீயையும் தொடவில்லை, கறிபஃப்பையும் தொடவில்லை. எல்லாம் முடிந்து மற்றவர்கள் வடிகட்டி வாங்கப் பையைத் திறக்கப்போகிற சமயம் பார்த்துக் கையைத் தூக்கினார்.

"தம்பி, இவ்வளவு சொல்றீங்களே, உங்க வீட்டுல என்ன தண்ணி குடிக்கிறீங்க?"

உண்மையைச் சொல்வதென்றால், அழகேசன் வீட்டில் குடிப்பது குழாய்த் தண்ணீர். குவீன்ஸ்டவுனில் இராஜரத்தினம் என்பவரின் அடுக்குமாடி வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து மனைவி வைதேகியோடு இருந்தான். அமுதச்சுனை வாங்குவது அவனுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் முப்பது பேர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாய் தானாகத் திறந்தது.

"அம்மா, என் வைஃப் மாசமா இருக்காங்க. ஏழாவது மாசம். அந்த வயித்துல இருக்கற பிள்ளை மேல சத்தியமாச் சொல்றேன், எங்க வீட்டுல யாரும் குழாய்த் தண்ணி ஒரு சொட்டு குடிக்கிறதில்ல."

'பிள்ளை' என்ற இடத்தில் அவனுக்குத் தொண்டை அடைத்தது. கண்ணில் தண்ணீர் வேறு வந்துவிட்டது. அது எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியாது. சிவகாமசுந்தரி அம்மா பையைத் திறந்தார். துரைசாமி அதையெல்லாம் போனில் பிடித்து அன்றைக்கே இணையத்தில் ஏற்றிவிட்டார்.

அந்த வீடியோ சிராங்கூன் ரோட்டைத் தாண்டுவதற்குள் வேலூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தது. மாமியார் பார்த்தார், மகளுக்குப் போன் போட்டார். அழகேசன் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது வைதேகி சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். கையில் பிடித்திருந்த டம்ளர் தண்ணீரைக் குடிக்காமல் தொட்டியில் ஊற்றினாள். கீழே மாமாக் கடை என்கிற மளிகைக் கடைக்குப் போய் இரண்டு பெரிய பாட்டில் தண்ணீர் வாங்கி வந்தாள்.

"நீங்களும் இனிமே இதத்தான் குடிக்கணும்," என்றாள்.

அழகேசனுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. தன் பேச்சு எத்தனையோ பேரைப் பயமுறுத்தியிருக்கிறது, பெண்டாட்டியையும் பயமுறுத்திவிட்டதே என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டான். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தான். சரியாகவில்லை. காபி, டீ எல்லாம் பாட்டில் தண்ணீரில். வேடிக்கை என்னவென்றால், சாதத்துக்கும் சாம்பாருக்கும் குழாய்த் தண்ணீர். ரசத்துக்கு மட்டும் பாட்டில்.

"சாம்பாருக்கு ஆகற தண்ணி ரசத்துக்கு ஆகாதா?" என்று கேட்டான்.

"ரசத்தக் குடிப்பீங்க," என்றாள் வைதேகி. பெண்கள் மாசமாக இருக்கும்போது இப்படியெல்லாம் இருப்பார்கள் போலும் என்று விட்டுவிட்டான்.

அடுத்த வாரம் அவள் சொன்னாள், "அம்மா கூப்பிடறாங்க. தலைப்பிரசவம் தாய் வீட்டுலதானே வழக்கம். நான் போறேங்க."

அப்போதுதான் அழகேசன் பயந்துபோனான். இந்த வழக்கத்தை மீறுவதற்காக இருவரும் சேர்ந்து மாமியாரோடு மூன்று மாதம் மல்லுக்கட்டியிருந்தார்கள். அழகேசனின் அப்பா துபாயில் இருந்தவர். மகனை முதன்முதலில் பார்த்தபோது மகனுக்கு மூன்று வயது. யாரோ மாமா வந்திருக்கிறார் என்று அழகேசன் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டானாம். அதை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவனுக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை. தன் பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டும், அது கண்ணைத் திறந்து பார்க்கிற முகங்களில் தன் முகமும் இருக்க வேண்டும். வாழ்க்கையில் அவன் உருப்படியாக ஆசைப்பட்டது அது ஒன்றுதான். வைதேகி ஊருக்குப் போனால் கம்பெனி எத்தனை நாள் லீவு கொடுக்கும், பிள்ளை அந்த நாளைப் பார்த்தா பிறக்கும்? இன்னும் கொஞ்ச நாள் போனால் விமானத்திலும் ஏற்ற மாட்டார்கள். அதற்குள் அவள் மனத்தை மாற்றியாக வேண்டும்.

அத்தோடு, அவள் போகப்போகிற ஊர்! அந்த ஊர்ப் பக்கத்தில் தோல் தொழிற்சாலைகள். வீட்டுக் குழாயில் தண்ணீர் வருவதே விசேஷம். வந்தாலும் துணி துவைக்கத்தான். குடிப்பது கேன் தண்ணீர். அந்தக் கேன் எங்கே நிரம்பி வருகிறது என்று அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை. தினமும் சோதனை செய்து அனுப்புகிற தண்ணீரை விட்டுவிட்டு அங்கே போகிறேன் என்கிறாளே என்று அழகேசன் தலையில் அடித்துக்கொண்டான். தண்ணீர் மோசம் என்று ஊரை நம்பவைத்தவன், தண்ணீர் நல்லது என்று ஒருத்தியை நம்பவைக்கப் புறப்பட்டான்.

முதல் சாட்சி வீட்டுக்காரர் இராஜரத்தினம். யாழ்ப்பாண வழி வந்த குடும்பம், துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். குவீன்ஸ்டவுன் கட்டப்பட்ட காலத்திலிருந்து அதே குழாயில் குடித்து வருகிறவர் என்பதால் அழகேசன் அவரைக் கையோடு அழைத்து வந்தான்.

"பிள்ளை, பயப்படாதேங்கோ. லுக் அட் மீ! சின்ன வயசில இருந்து இந்தத் தண்ணிதான். எனக்கு என்ன குறை?" என்றார் இராஜரத்தினம்.

"உடம்பெல்லாம் நல்லா இருக்கீங்களா அங்கிள்?" என்று வைதேகி மரியாதைக்குக் கேட்டாள்.

கேட்டிருக்கக் கூடாது. சர்க்கரை, பிரஷர், கிட்னியில் கல், நெஞ்சில் பைபாஸ், இடது முழங்கால் என்று ஆரம்பித்து அரைமணி நேரம் போனது. அழகேசன் அவரைத் தட்டிக் கொடுத்து அவருடைய அறைக்கு அனுப்பி வைத்தான்.

அடுத்து யாமினியை வரவழைத்தான். அவனுடன் கல்லூரியில் படித்தவள், ஜூரோங்கில் ஒரு தனியார் சோதனைக்கூடத்தில் தண்ணீரைச் சோதிப்பதுதான் வேலை. அவள் வந்து உட்கார்ந்து, அலட்டிக்கொள்ளாமல் சொன்னாள்: இந்தக் கெமிக்கல் உலகத்தில் எங்கே தேடினாலும் கொஞ்சமாவது அகப்படும்; எவ்வளவு இருக்கலாம் என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள்; அந்த அளவைப் பற்றி விஞ்ஞானிகள் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள், நாளைக்கு மாற்றினாலும் மாற்றுவார்கள்.

"ஆனா நான் குழாய்த் தண்ணிதான் குடிக்கிறேன் வைதேகி. என் பையனுக்கும் அதான். தாராளமாக் குடிங்க," என்றாள்.

"அப்ப நிச்சயமா ஒண்ணும் பண்ணாதா?"

"நீங்க பயப்படற மாதிரி எதுவும் இல்ல."

வைதேகியின் முகம் வெளுத்தது. அழகேசன் அதைப் பார்த்தான், பார்த்தும் புரியவில்லை. நல்ல செய்தி கேட்டு முகம் வெளுக்கிறவளை அவன் அதுவரை பார்த்ததில்லை. யாமினி கிளம்பியதும், இன்னொருத்தர் இருக்கிறார், டாக்டர், அவரையும் கூட்டி வருகிறேன் என்று வாயெடுத்தான். வைதேகி அழுதுவிட்டாள்.

"போதுங்க! இன்னும் எத்தன பேரக் கூட்டி வருவீங்க? நிரூபிக்காதீங்க, உங்களக் கையெடுத்துக் கும்பிடறேன்."

"உன் பயம் போகத்தானே..."

"கெமிக்கலுக்கு யாருங்க பயந்தா? எங்க ஊருல இல்லாத கெமிக்கலா? நீங்க பிள்ளை மேல சத்தியம் பண்ணீங்க. நம்ம வீட்டுல யாரும் குழாய்த் தண்ணி குடிக்கிறதில்லன்னு பண்ணீங்க. அன்னிக்குக் காலையிலகூட நீங்க ரெண்டு டம்ளர் குடிச்சீங்க. இனிமேலாவது அந்தச் சத்தியம் பொய்யாப் போயிடக் கூடாதுன்னுதான் நான் பாட்டில் பாட்டிலாத் தூக்கிட்டு வரேன். ரசத்தக்கூட விடல. இங்க இருந்தா என்னிக்காவது மறந்து ஒரு வாய் குடிச்சிருவேன். அம்மா வீட்டுக்குப் போயிட்டா அது உங்க வீடு இல்ல, கணக்குல வராது. நீங்க என்னடான்னா ஆள் மேல ஆள் கூட்டி வந்து, நீங்க சொன்னது பொய் பொய்னு காட்டறீங்க!"

அழகேசன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். இத்தனை நாள் தீயை அணைக்கிறேன் என்று எண்ணெய் ஊற்றியிருக்கிறான்.

"அது வியாபாரத்துக்குச் சொன்னது வைதேகி."

"வியாபாரத்துக்குன்னா உங்க மேல பண்ணியிருக்கலாம். என் மேலகூடப் பண்ணியிருக்கலாம். பிள்ளை மேல எதுக்குப் பண்ணீங்க?"

"அப்பத்தான் நம்புவாங்க," என்றான் அழகேசன். அவன் பல மாதங்களில் யோசிக்காமல் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

பரிகாரத்தையும் அவளே சொன்னாள். கோயில், கற்பூரம் எதுவும் வேண்டாம். எங்கே நின்று சொன்னானோ அங்கேயே நின்று, ஆட்கள் முன்னால், அது பொய் என்று சொல்ல வேண்டும். பிள்ளையை அந்தப் பேச்சிலிருந்து விடுவிக்க வேண்டும். சொன்னால் வேலை போகும், வேலை போனால் அவன் பாஸ் போகும், அவன் பாஸ் போனால் அவளுடையதும் போகும், ஊருக்கே திரும்ப வேண்டியிருக்கும் என்பது இருவருக்கும் தெரியும். அழகேசன் ஒரு வாரம் யோசித்தான். பிள்ளை பிறக்கும்போது வேலையில்லாத அப்பாவாக நின்றாலும் பக்கத்தில் நிற்கலாமே என்று கடைசியில் தோன்றியது. அந்த முடிவு அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாடி அறை நிறைந்திருந்தது. வீடியோ பார்த்துவிட்டு வந்த கூட்டம். சிவகாமசுந்தரி அம்மாவும், வாங்கிய வடிகட்டி ஒழுகுகிறது என்று சொல்ல வந்திருந்தார். வைதேகி கடைசி வரிசையில் கதவோரமாக உட்கார்ந்துகொண்டாள். அழகேசன் கம்பியைத் தொடவில்லை.

"கொஞ்ச நாள் முன்னாடி இங்க நின்னு என் பிள்ளை மேல ஒரு சத்தியம் பண்ணேன். அது பொய். எங்க வீட்டுல குழாய்த் தண்ணிதான் குடிச்சோம். இந்த ஊர்த் தண்ணியச் சோதிச்சுத்தான் அனுப்பறாங்க. இந்தக் கம்பி, கரண்டு எல்லாம் கண்கட்டு வித்தை. என் பொய்யில என் பிள்ளைக்குப் பங்கு இல்ல. எல்லாரும் மன்னிச்சிருங்க."

'பிள்ளை' என்ற இடத்தில் தொண்டை அடைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டான். துரைசாமி கதவருகே நின்று பல்லைக் கடித்தார். வைதேகி மெல்ல எழுந்து வந்தாள், மேஜைமேல் இருந்த குழாய்த் தண்ணீர் டம்ளரை எடுத்து, எல்லோரும் பார்க்க மடக்கு மடக்கென்று குடித்து முடித்தாள். பல நாள் தாகம் தீர்கிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டாள். இனித் தனியாகப் போக வேண்டியதில்லை என்று அவள் கண் சொன்னது. அழகேசனுக்கு அந்த அறையே சொர்க்கமாக இருந்தது.

அப்போது சிவகாமசுந்தரி அம்மா எழுந்தார்.

"எனக்கு எழுபது வயசு ஆகுது. விக்க வந்த ஒருத்தன் வாயால உண்மையக் கேட்டதில்ல. வாங்கினா இந்தத் தம்பிகிட்டதான் வாங்கணும். என் பொண்ணு வீட்டுக்கு ஒண்ணு எழுதிக்குங்க."

பின்வரிசையில் ஒருவர் கை தட்டினார். அப்புறம் அறை முழுவதும் தட்டியது. இவ்வளவு நேர்மையான கம்பெனியா என்று ஒருவர், நல்ல தண்ணீரை இன்னும் நல்லதாக்கினால் என்ன கெட்டுப் போச்சு என்று இன்னொருவர். குழாய்த் தண்ணீரே நல்லது என்று சொன்னவனைச் சூழ்ந்துகொண்டு வடிகட்டி கேட்டார்கள். ஆர்டர் எடுக்க ஆள் போதவில்லை. துரைசாமி பல்லைக் கடிப்பதை எப்போது நிறுத்தினார் என்று யாரும் கவனிக்கவில்லை. அழகேசனைத் தனியே இழுத்துப் போய்த் தோளில் கை போட்டார்.

திரும்பிப் போகும்போது ரயிலில் அழகேசனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. லிட்டில் இந்தியாவில் ஆரம்பித்தவன் ஊட்ரம் பார்க்கில் ரயில் மாறும்வரை நிறுத்தவில்லை.

"வேலை போகும்னு பயந்தோமே, சம்பளத்தக் கூட்டித் தரேங்கறார்! பிரசவச் செலவுகூடக் கம்பெனி பாத்துக்குமாம். வாராவாரம் இதையே சொன்னாப் போதும்கறார். அந்த இடத்துல தொண்டை அடைச்சுது பாரு, அதை மட்டும் மாத்திராதேன்னார். நீயும் வந்து ஒரு டம்ளர் குடிச்சுட்டுப் போனா இன்னும் நல்லா இருக்கும்கறார். இப்ப நாம பொய்யா சொல்றோம்? உண்மையத்தானே சொல்றோம்?"

வைதேகி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். குவீன்ஸ்டவுன் வந்து படியிறங்கிய பிறகுதான் பேசினாள்.

"அந்த வீடியோவ நான் நெறைய தடவ பாத்தேங்க. சத்தியம் பண்ணும்போதும் அதே இடத்துலதான் தொண்டை அடைச்சுது. இன்னிக்குப் பொய்யின்னு சொல்லும்போதும் அங்கேயேதான் அடைச்சுது. இன்னிக்கு அடைச்சது நெசம்னு நெனச்சுத்தான் அந்தத் தண்ணியக் குடிச்சேன்."

"நெசம்தான் வைதேகி!"

"இருக்கும். அடுத்த வாரமும் அடைச்சா?"

"சொல்ல மாட்டேன்னு முதலாளிகிட்டச் சொல்லிடறேன்."

திங்கட்கிழமை சொல்லத்தான் போனான். துரைசாமி புதுச் சம்பளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், குறுக்கே பேசுவது மரியாதை இல்லை என்று இருந்துவிட்டான். செவ்வாய்க்கிழமை அவர் வெளியூர். புதன்கிழமை, இந்த ஞாயிறும் சொல்லிவிடு என்று அவர் சொன்னபோது 'பாக்கலாம் சார்' என்றுதான் வாயில் வந்தது. அதை வந்து வைதேகியிடம் மறைக்காமல் சொன்னான். அவள் சண்டை போடவில்லை. குழாயில் தண்ணீர் பிடித்து அவனுக்கும் கொடுத்து, தானும் குடித்துவிட்டு, அம்மாவுக்குப் போன் செய்து சனிக்கிழமை வருகிறேன் என்றாள்.

சாங்கி விமான நிலையத்தில், உள்ளே போகிற கதவுக்கு முன்னால் இருவரும் நின்றார்கள். சுற்றிலும் வழியனுப்ப வந்த கூட்டம். அழகேசன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பிள்ளை கண் திறக்கும்போது தான் அங்கே இருக்க மாட்டோமோ என்ற பயம் முதன்முறையாக நேருக்கு நேர் வந்து நின்றது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்பதும் நினைவிருந்தது. பேச ஆரம்பித்தான், தொண்டை அடைத்தது, கண்ணீர் கட்டுப்படாமல் வழிந்தது. அதில் துளி வேஷம் இல்லை. அது அவனுக்குத் தெரியும்.

"ஒரு வாரம் முன்னாடியே வந்துடுவேன் வைதேகி. என்ன ஆனாலும் சரி, கண்டிப்பா நான்..."

வைதேகி அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். துப்பட்டாவின் நுனியால் அவன் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"வாங்க," என்றாள். "வருவேன்னு மட்டும் சொல்லாதீங்க."